வால்பாறைச் சாலையும் விஆர் ஹெட்செட்டும்: பயணக் குமட்டல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவள் 19 வயதுப் பெண், கோவையில் கட்டடக்கலை படிக்கிறாள். நாலைந்து வயதிலிருந்தே பஸ்ஸிலும் காரிலும் ஏறினால் குமட்டல், வாந்தி. காலேஜுக்குப் போன பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. விஆர் ஹெட்செட்டை (கண்களை மறைத்து மாட்டிக்கொண்டால், கணினிக் காட்சிக்குள்ளேயே நாம் நிற்பது போலக் காட்டும் கருவி) மாட்டினாலும் அதே குமட்டல். தான் வரைந்த கட்டடத்துக்குள் தானே நடந்து பார்க்க முடியாமல், பாதியில் கழற்றி வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் தம்பியின் ஹெட்செட்டில் விளையாடப் போனாலும் இதே கதிதான். அவள் என் அக்கா மகள். நான் பிசியோதெரபிஸ்ட், தலைசுற்றல், நடையில் தடுமாற்றம் என்று வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் அன்றாட வேலை. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

பயணக் குமட்டலை நம் வீடுகளில் யாரும் ஒரு தொல்லையாகவே எடுத்துக்கொள்வதில்லை. "பித்தம் ஏறிடுச்சு", "சாப்பிட்டது சேரலை", "வரும் வரும்னு நினைச்சா வரத்தான் செய்யும்" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவரையும் எலுமிச்சம்பழத்தையும் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். இவள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தபோது, "நீ வந்தா பஸ்ஸே நாறிடும்" என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அப்புறம் படிப்பு முடியும்வரை அவள் எந்தச் சுற்றுலாவுக்கும் பெயர் கொடுக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையா அது? அந்த வயதில்தான் இந்தத் தொல்லை உச்சத்தில் இருக்கும். இரண்டு வயதுக்குள் அநேகமாக வராது. ஆறேழு வயதில் அதிகமாகத் தொடங்கி, ஒன்பது பத்து வயதில் உச்சத்துக்குப் போய், பிறகு பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். இவளுக்குக் குறையவில்லை.

பயண வரலாறு

எங்கள் அப்பா, அம்மா வால்பாறையில் இருக்கிறார்கள். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் அது எத்தனையாவது வளைவு என்று எண் போட்ட பலகை நிற்கும். லீவு விட்டால் பாட்டி வீடு என்று வளர்ந்த பிள்ளை. ஆனால் பரீட்சை முடிகிற சந்தோஷத்தைவிட அந்த 40 வளைவுகளைப் பற்றிய பயம்தான் அவளுக்கு முதலில் வருமாம்.

உட்கார வைத்து விவரமாகக் கேட்டேன். எந்த வண்டி, எந்த சீட், என்ன செய்துகொண்டிருந்தாய், முதலில் உடம்பில் என்ன தெரிந்தது என்று. கிடைத்த பதில்கள் இவை. பஸ்ஸில் கடைசி சீட்டுகள்தான் மோசம். காரில் பின்சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்தால் மேட்டுப்பாளையம் சாலை போன்ற சமதளத்திலேயே வயிற்றைப் பிரட்டும். ரயிலில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. தூங்கிவிட்டால் எந்த வண்டியிலும் வராது. மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் கூடுதல். இவ்வளவும் எதிர்பார்த்ததுதான். அவள் போகிற போக்கில் சொன்ன ஒன்றுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: "ஸ்கூட்டர் ஓட்டும்போது ஒருநாளும் வந்ததில்ல சித்தி. அப்பா காரை ஓட்டிப் பழகும்போதுகூட வரல. பக்கத்துல உட்கார்ந்தாத்தான் வருது."

இன்னொன்று, குமட்டல் வருவதற்கு வெகு நேரம் முன்பே அவளுக்குக் கொட்டாவி வரும். பேச்சு குறையும். எச்சில் ஊறும், அடிக்கடி விழுங்குவாள். அப்புறம்தான் முகம் வெளுத்து, நெற்றியில் சில்லென்று வேர்த்து, ஓங்கரிப்பு. இறங்கிய பிறகும் அன்று முழுக்க ஒரு மந்தம். எதிலும் மனம் ஒட்டாது, படுத்தே கிடப்பாள். வீட்டில் இதைச் சோம்பல் என்று நினைத்தார்கள். அசைவினால் வரும் இந்த மந்தத்தைத் தனி அறிகுறித் தொகுப்பாகவே 1976இல் மருத்துவ ஆய்வாளர்கள் விவரித்திருக்கிறார்கள். சிலருக்குக் குமட்டலே இல்லாமல் கொட்டாவியும் மந்தமும் மட்டும் வரும். அவர்களுக்குத் தமக்கு இந்தத் தொல்லை இருப்பதே தெரியாது.

என் அக்காவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. சின்ன வயதில் அவளும் இதே சாலையில் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தவள்தான். ஒற்றைத் தலைவலிக்கும் பயணக் குமட்டலுக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது; குடும்பத்தில் இறங்குவதும் உறுதியானது. 80,000 பேருக்கு மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஒப்பிட்ட 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று, இதோடு தொடர்புள்ள 35 மரபணு வேறுபாடுகளைக் கண்டது. அவற்றில் பல, உள்காதும் கண்ணும் நரம்புகளும் உருவாவதோடு தொடர்புள்ள மரபணுக்களின் அருகில் இருந்தன. பித்தத்துக்கும் மன உறுதிக்கும் இதில் பங்கு தேடுவது வீண்.

காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரிடமும் அனுப்பினேன். கேட்கும் திறன் சரி. தலையைத் திருப்பிப் படுக்க வைத்துப் பார்க்கும் சோதனையில் கண் துடிப்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நிற்பது, நேர்கோட்டில் நடப்பது எல்லாம் சரி. அதாவது நோய் எதுவும் இல்லை. இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. வண்டியில் இல்லாதபோதும் தலைசுற்றினால், காது கேட்பது குறைந்தால், பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால், இதுவரை இல்லாத கடும் தலைவலி கூடவே வந்தால், அது பயணக் குமட்டல் அல்ல. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உள்காதும் கண்ணும்

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் திரவம், தலை திரும்புவதைச் சொல்லும். அவற்றோடு இரண்டு சிறு பைகள். அவற்றின் உள்ளே கால்சியம் கார்பனேட் துகள்கள் படிந்திருக்கும். வண்டி வேகம் எடுப்பதையும், பிரேக் போடுவதையும், தலை சாய்வதையும் சொல்பவை அவை. பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண் "அசைவே இல்லை" என்கிறது, காது "வளைகிறோம், ஏறுகிறோம்" என்கிறது. ஹெட்செட்டில் இது அப்படியே தலைகீழ். காட்சியில் நடக்கிறோம், ஓடுகிறோம். காதோ "நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது.

உள்காது இல்லாமல் இந்தத் தொல்லையே இல்லை. 1950களின் இறுதியில் நாசாவும் அமெரிக்கக் கடற்படை மருத்துவர்களும் சேர்ந்து, அமெரிக்காவில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியிலிருந்து 11 ஆண்களை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 10 பேருக்குச் சிறுவயதில் வந்த மூளைக்காய்ச்சலால் செவித்திறனோடு உள்காதின் சமநிலை உறுப்பும் போயிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரைக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில் படகில் ஏற்றிப் போனபோது, அவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். கூடப் போன ஆய்வாளர்கள்தான் வாந்தி எடுத்துச் சுருண்டு, சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் சண்டை என்று சொல்லி நிறுத்தினால் பாதிதான் சரி. ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ரீசனும் ஜோசப் பிராண்டும் 1975இல் இதை இன்னும் கூர்மையாகச் சொன்னார்கள். இப்போது வரும் தகவல், மூளை தன் பழைய அனுபவத்தை வைத்து எதிர்பார்த்ததோடு பொருந்தாமல் போவதுதான் தொல்லை. இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1957இல் ஹெலிகாப்டர் ஓட்டப் பழக்கும் சிமுலேட்டரில் குமட்டல் வருவதை முதன்முதலாகப் பதிவு செய்தபோது, புது மாணவர்களைவிட அனுபவமுள்ள பயிற்சியாளர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். நிஜ ஹெலிகாப்டர் எப்படி அசையும் என்று அவர்கள் மூளைக்குத் தெரியும். சிமுலேட்டர் அப்படி அசையவில்லை.

இப்போது ஸ்கூட்டர் விஷயத்துக்கு வருவோம். ஓட்டுகிறவருக்கு அடுத்த அசைவு என்னவென்று முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் அதைச் செய்யப் போகிறவரே அவர்தான். கை திருப்புவதற்குள் கழுத்தும் கண்ணும் தயாராகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு வளைவும் திடீரென்று வருவது. இவளுடைய உடம்பில் பழுது எதுவும் இல்லை. முன்னறிவிப்புதான் கிடைக்கவில்லை. இந்த ஆய்வில் நான் பிடித்துக்கொண்ட நூலிழை இதுதான்.

சரி, குழப்பம் ஏற்பட்டால் தலை சுற்றட்டும், ஏன் வாந்தி வர வேண்டும்? புலன்கள் முரண்படுவதை மூளை நஞ்சு உள்ளே போனதன் அடையாளமாக எடுத்துக்கொண்டு வயிற்றைக் காலி செய்கிறது என்பது மிஷெல் டிரீஸ்மன் 1977இல் முன்வைத்த ஊகம். நிரூபணம் ஆகவில்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

ஹெட்செட்டை வைத்துச் செய்தவை

மலைச்சாலையில் சோதனை செய்வது கஷ்டம். வளைவு, டீசல் வாசனை, ஓட்டுநரின் வேகம், காலையில் சாப்பிட்டது எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். ஹெட்செட்டில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். அதனால் அங்கிருந்தே தொடங்கினோம். நிமிடத்துக்கு ஒருமுறை நான் கேட்பேன். 0 முதல் 20 வரை ஓர் எண் சொல்ல வேண்டும். 0 என்றால் ஒன்றுமில்லை, 20 என்றால் வாந்தி வரப்போகிறது. இப்படி நிமிடத்துக்கு நிமிடம் எண் கேட்பது இத்துறை ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறைதான். எண் 4ஐத் தொட்டாலோ, முதல் கொட்டாவி வந்தாலோ கழற்றிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

முதலில் ஹெட்செட்டின் பொருத்தத்தைப் பார்த்தேன். தம்பிக்குச் சரியாக வைத்திருந்ததை அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன் நிறுத்தி, புருவத்துக்குக் கீழே ஸ்கேலை வைத்து இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தேன்: 59 மில்லிமீட்டர். லென்ஸ்கள் 68இல் இருந்தன. சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் அது அப்படியில்லை. விஆரில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் குமட்டுகிறது என்று ஆய்வுகள் வந்துகொண்டிருந்தன. 2017இல் வந்த ஒன்றில், ஒரு திகில் விளையாட்டை ஆடிய ஆண்களில் மூன்றில் ஒரு பங்கினர் பாதிக்கப்பட, பெண்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல். பெண் உடம்பே இப்படித்தான் என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். 2020இல் கே ஸ்டானியும் அவருடைய குழுவினரும், லென்ஸ் தூரம் கண்களோடு பொருந்தாததே முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். லென்ஸ் சரியாகப் பொருந்திய பெண்களுக்கு ஆண்களைப் போலத்தான் இருந்தது. கருவியைப் பெரும்பாலும் ஆண்களின் அளவுக்குச் செய்துவிட்டு, குறையைப் பெண்களின் உடம்பின் மேல் போட்டால் எப்படி? இவளுக்கு லென்ஸை நகர்த்தியதும் கண் வலியும் நெற்றி பாரமும் போயின. குமட்டல் குறைந்தது, போகவில்லை.

அடுத்து விளையாட்டு வகை. நின்ற இடத்திலேயே நின்று, எதிரே பறந்து வரும் கட்டைகளை வாளால் வெட்டும் ஆட்டத்தில் வேர்த்து வழியும் வரை ஆடினாள், எண் 0. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். அங்கே தலை அசைந்தால் காட்சி அசைகிறது, தலை நின்றால் காட்சியும் நிற்கிறது. கண்ணும் காதும் ஒரே கதையைச் சொல்கின்றன. கையில் பிடித்திருக்கும் கருவியிலுள்ள சிறு குச்சியை (ஜாய்ஸ்டிக்) விரலால் தள்ளி நடக்கும் ஆட்டத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் எண் ஏறிவிட்டது. நேராக நடப்பதைவிடத் திரும்புவதுதான் மோசம். அதிலும் சீராக வழுக்கிக்கொண்டு திரும்புவது. திருப்பத்தை 30 பாகைத் துண்டுகளாக வெட்டி வெட்டி மாற வைத்ததும் தாங்கிக்கொண்டாள். போக வேண்டிய இடத்தைக் காட்டி அங்கே தாவிப் போகும் முறையில் ஒன்றுமே இல்லை. ரோலர் கோஸ்டர் காட்சியை நான் வைக்கவில்லை. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

நகரும்போது காட்சியின் ஓரங்களை இருட்டாக்கிப் பார்வையைக் குறுக்கும் ஒரு வசதியும் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2016இல் இதைச் சோதித்தபோது, பலர் ஓரம் இருண்டதைக் கவனிக்கவே இல்லை, ஆனால் குமட்டல் குறைந்தது. இவள் கவனித்தாள், பிடிக்கவில்லை, இருந்தாலும் வைத்துக்கொண்டாள். முகத்துக்கு நேரே மேசை விசிறியை ஓடவிட்டதும் நல்ல பலன் தந்தது. முகத்தில் படும் காற்று குமட்டலைக் குறைக்கிறது என்று 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. அதே ஆய்வில் சீட்டை அதிரவைத்துப் பார்த்ததில் பலன் இல்லை.

இதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியமான சோதனை. ஹெட்செட் அவள் தலையில், குச்சி தம்பியின் கையில். தம்பி டிவியில் பார்த்துக்கொண்டே நடத்துவான். அவள் சும்மா பார்த்துக்கொண்டு வருவாள். அதே காட்டுப் பாதை, அதே வேகம். முதல் நிமிடத்திலேயே கொட்டாவி. "டேய், எந்தப் பக்கம் திரும்பப் போறேன்னு சொல்லிட்டுத் திரும்புடா" என்றாள் அவளாகவே. அவன் "இடது", "வலது", "இறக்கம்" என்று அரை விநாடி முன்னால் சொல்லிச் சொல்லித் திருப்பினான். எண் ஏறுவது மெதுவானது. மறுபடி வாயை மூடச் சொன்னேன். மறுபடி விறுவிறுவென்று ஏறியது. அவள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், நான் சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமில்லை. பிறகு தேடியதில், 2011இல் அமெரிக்காவில் இதைப் போலவே செய்திருப்பது தெரிந்தது. ஒருவர் திரையில் கார் ஓட்டும் ஆட்டம் ஆட, அதே பதிவை இன்னொருவருக்குக் காட்டியிருக்கிறார்கள். பார்த்தவர்களுக்கே குமட்டல் அதிகம்.

நாள்தோறும் கொஞ்ச நேரம், எண் ஏறும் முன் கழற்றுவது, அடுத்த நாள் மறுபடி என்று தொடர்ந்ததில், குச்சி நடையும் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. "தாங்கிக்கிட்டு ஆடினா சரியாயிடும்" என்று தம்பியின் நண்பர்கள் சொன்னதை நான் அனுமதிக்கவில்லை. குமட்டலோடு தொடர்ந்தால் மூளை அந்தக் கருவியையே குமட்டலோடு சேர்த்து வைத்துக்கொள்ளும்; அப்புறம் ரப்பர் வாசனை பட்டாலே ஓங்கரிக்கும். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு கொஞ்ச நேரம் ஸ்கூட்டரைத் தொடக் கூடாது என்பதும் கண்டிப்பான விதி. தடுமாற்றம் சிலருக்கு மணிக்கணக்கில் நீடிக்கும்.

மறுபடி மலைச்சாலை

விஆரில் பழகியது பஸ்ஸுக்கு உதவாது. ஒரு வகை அசைவுக்கு உடம்பு பழகினால் அது பெரும்பாலும் அந்த வகைக்கு மட்டும்தான். கப்பலில் வருடக்கணக்கில் வேலை செய்தவருக்கும் காரின் பின்சீட்டில் குமட்டலாம். விஆர் பழக்கம் பஸ்ஸுக்கும் உதவும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள், ஏமாற்றமும் பட்டாள். ஆனால் முன்னறிவிப்பு இருந்தால் எண் மெதுவாகத்தான் ஏறும் என்று அவளே கண்டுபிடித்ததை மலைக்கு எடுத்துப் போகலாமே?

பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினோம், முன்னால் இடப்பக்க சீட் கிடைப்பதற்காக. பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சீட்டுகள் வளைவில் அதிகம் வீசும், மேடு பள்ளத்தில் அதிகம் எழும்பி இறங்கும். முன்னால் உட்காருவதில் அதைவிடப் பெரிய லாபம் சாலை தெரிவது. பிரிட்டனில் 3,256 பஸ் பயணிகளை வைத்து நடந்த, 1999இல் வெளியான ஆய்வில், முன்னால் சாலை தெரியாதவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. பக்கவாட்டு ஜன்னலில் ஓடும் மரங்களைப் பார்ப்பது அதற்கு ஈடாகாது.

கொண்டை ஊசி வளைவு குமட்டலுக்கென்றே அமைந்தது போன்றது. அசைவுகளில் மிக மோசமானவை விரைவானவை அல்ல, மெதுவானவை. ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் வந்து போகும் ஆட்டம்தான் வயிற்றை அதிகம் கலக்கும். ஸ்கூட்டர் கைப்பிடியின் அதிர்வு ஒன்றும் செய்யாது. பஸ் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்வதுதான் வினை.

அங்கேதான் அந்த எண் பலகைகள் உதவின. பலகை கண்ணில் பட்டதும் அவள் எண்ணை வாய்க்குள் சொல்வாள், வளைவு எந்தப் பக்கம் என்று பார்ப்பாள், பஸ் திரும்புவதற்கு முன்பே தலையை வளைவின் உட்பக்கமாகச் சாய்த்துக்கொள்வாள். ஓட்டுநரின் தலையைக் கவனித்தால் இது தெரியும். அவர் தலை வளைவுக்குள் சாயும். பயணிகளின் தலைகள் வெளிப்பக்கம் தள்ளப்படும். ஓட்டுநரைப் போல உட்பக்கம் தலையைச் சாய்த்த பயணிகளுக்குக் குமட்டல் குறைந்ததை ஜப்பானில் தாகாஹிரோ வாடாவின் குழு 2012இல் காட்டியது. ஜன்னல் திறந்திருந்தது. காலையில் இரண்டு இட்லி மட்டும். போன் பைக்குள். 9ஆவது வளைவில், லோம்ஸ் காட்சிமுனையில் எட்டிப் பார்த்து, கீழே ஆழியாறு அணை தெரிகிறது என்றாள். அதுவரை அந்த இடத்தை அவள் பார்த்ததே இல்லையாம். எப்போதும் கண்ணை இறுக்கி மூடியிருப்பாளாம். வால்பாறையில் இறங்கும்போது களைப்பு இருந்தது, வாந்தி இல்லை.

எல்லாத் தடவையும் இப்படி அமையவில்லை. ஒரு மழை நாளில் காரில் போனபோது, மேலே ஏற ஏற மூடுபனி இறங்கிவிட்டது. முன்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் பலகைகள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தன. வளைவு எப்போது வரும் என்று ஓட்டுநருக்கே தடுமாற்றம். பாதி மலையில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தாள். அவள் மிகவும் சோர்ந்துபோனாள். எனக்கோ, முன்னறிவிப்பு போனதும் குமட்டல் திரும்பியது கணக்குச் சரிதான் என்று பட்டது. சாலை தெரியாத நேரத்தில் செய்யக்கூடிய ஒன்றே ஒன்று, தலையை சீட்டின் சாய்மானத்தில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிடுவது. கண் பேசாமல் இருந்தால் முரண்பாடு பாதியாவது குறையும்.

மாத்திரைகள், இஞ்சி, எலுமிச்சை

மருத்துவர் அவளுக்கு ப்ரோமெதசின் வகை மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நீண்ட பயணத்துக்கும் பனிக்காலத்துக்கும் வைத்திருக்கிறாள். கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும். குமட்டல் தொடங்கினால் இரைப்பை வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதன் பிறகு விழுங்குவது உள்ளே இறங்காமல் அப்படியே வெளியே வரும். தூக்கம் வரும், வாய் உலரும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. மருந்துக்கடையில் வாந்தி என்று கேட்டால் ஆன்டான்செட்ரானை எடுத்துக் கொடுப்பார்கள். மற்ற வாந்திகளுக்கு அது நல்ல மருந்து. பயண வாந்திக்கு அவ்வளவாகக் கேட்காது. இவளும் பல வருடம் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

இஞ்சி பற்றிய ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. இஞ்சி மரப்பா அவளுக்குப் பிடிக்கும், கெடுதல் இல்லை, பையில் இருக்கட்டும் என்றேன். எலுமிச்சம்பழம் டீசல் வாசனையையும் பக்கத்து சீட்டின் பூ வாசனையையும் மறைக்கும். அந்த அளவுக்கு உதவிதான்.

இப்போது

பின்சீட்டில் உட்கார்ந்து போனில் படிப்பது இன்றும் அவளால் முடியாது. ஐபோனில் 2024இல் வந்த வசதி ஒன்று, வண்டியின் அசைவுக்கு ஏற்பத் திரை ஓரத்தில் புள்ளிகளை நகர்த்திக் காட்டுகிறது. கண்ணுக்கும் காதின் செய்தியைக் கொடுக்கும் யோசனை அது, சரியான திசையில்தான் இருக்கிறது. அவளிடம் அந்தப் போன் இல்லை. குச்சி நடையில் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை, அதை நீட்டிக்க இப்போது எந்த அவசரமும் இல்லை. மாதவிலக்கு நாட்களில் மலைப் பயணம், ஹெட்செட் இரண்டையுமே தவிர்க்கிறாள்.

வகுப்பில் ஒரு மாற்றம் செய்திருக்கிறாள். தன் கட்டட மாதிரியைப் பிறர் ஹெட்செட்டில் பார்க்கும்போது, காட்சி ஒருபோதும் தானாக நகரக் கூடாது என்று அமைத்துவிட்டாள். நடையின்போது காட்சி மேலும் கீழும் குலுங்குவதை எடுத்துவிட்டாள். அறைக்கு அறை தாவிப் போகலாம், படிக்கட்டில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டியதில்லை. மாட்டுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஸ்கேலை வைத்து அளந்து லென்ஸை நகர்த்துகிறாள். அவள் அளக்கத் தொடங்கிய பிறகுதான், தமக்கும் குமட்டும் என்று வகுப்பில் இன்னும் சிலர் வெளியே சொன்னார்கள். அதில் இரண்டு பேர், தங்கள் மாதிரியையும் இதேபோல் அமைத்துத் தரச் சொல்லி அவளிடம் வந்திருக்கிறார்கள்.